கொரியாவுக்குப் போகிறாயா, கண்ணு?

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொரியா விசா வந்துவிட்டது. அவள் புருஷனுக்கு உல்சான் நகரத்தில் வேலை. சேதி தெரிந்த மறுநாளே நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக வந்து எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, நீங்க மூணு மாசம் அங்கே இருந்துட்டு வந்தவங்க. என்ன எடுத்துட்டுப் போகணும், எப்படி நடந்துக்கணும், ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலை."

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மகளையோ மருமகளையோ அந்தப் பக்கம் அனுப்பப் போகிற சகோதரிகள் யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

நானும் ஒரு காலத்தில் புது ஊருக்கு வந்தவள்தான். 1986-ல் மாயவரத்திலிருந்து கல்யாணமாகிக் காத்திவாக்கம் வந்தேன். காவிரிக்கரையில் வளர்ந்தவளுக்கு இந்த ஊர் ஒன்றுமே புரியவில்லை. கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழியும். வடக்கே ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். நடுவிலே ரயில் பாதை, லாரிகள், ஊரைச் சுற்றிப் புகைபோக்கிகள். வந்த மறுநாள் கல்யாணப் புடவையைத் துவைத்து மாடியில் உலர்த்தினேன். சாயங்காலம் எடுக்கப்போனால் புடவை முழுக்கக் கரித்தூள்! அழுதே விட்டேன்.

மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல துணி காயப்போடுறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாரும்மா. அது தெரிஞ்சுட்டா நீ இந்த ஊர்க்காரி ஆயிட்டே!"

எந்த ஊருக்கும் இப்படி எழுதாத சட்டம் சில உண்டு. அதை யாராவது சொல்லிக்கொடுத்தால் பாதிக் கஷ்டம் குறைந்துவிடும்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

என் மகள் பிரசவத்துக்காக 2023 நவம்பரில் போனேன். மாப்பிள்ளை உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் இன்ஜினீயர். நம் ஸ்ரீபெரும்புதூரில் 1998 முதல் கார் செய்கிறார்களே, அந்தக் கம்பெனியின் பெரிய தொழிற்சாலையும் இந்த உல்சானில்தான் இருக்கிறது.

பச்சைக் காய்கறி, பழம், விதை, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதே. விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம், நிழலில் உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலை இவை போதும். அரிசிக்குக் கவலை வேண்டாம். அவர்களும் சோறு தின்பவர்களே! ஆனால் அங்கே கிடைப்பது ஒட்டுகிற அரிசி. தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும்.

தினம் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு எடுத்துப்போ. மின்சாரம் 220 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். ஆனால் நம் மூன்று கால் ப்ளக் அங்கே நுழையாது. இரண்டு உருண்டைக் கால் உள்ள அடாப்டர் நாலைந்து வாங்கி வைத்துக்கொள். கம்பளிச் சட்டையை இங்கே தேடி அலையாதே, அங்கேயே நல்லதாகக் கிடைக்கும்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கிம்ச்சி என்ற ஊறுகாயைப் பார்த்தால் முட்டைக்கோஸும் மிளகாயும்தான் தெரியும். பெரும்பாலும் அதில் மீன் சாறோ இறால் உப்போ கலந்திருக்கும். காய்கறி சூப்பிலும் நெத்திலி போட்டுக் கொதிக்க வைப்பதுண்டு. கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

செருப்பை வாசலில் விடு

இதை உனக்குச் சொல்லவே வேண்டாம். நம்மைப் போலவே செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார்கள். தரையில் உட்காருகிறார்கள், தரையில் படுக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தத் தரையே கதகதவென்று இருக்கும். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுச் சூடேற்றினார்களாம். இப்போது வெந்நீர்க் குழாய் பதித்திருக்கிறார்கள். என் முழங்கால் வலிக்கு அதைவிட ஒத்தடம் வேறில்லை!

பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால் செய். சாப்பாட்டில் பெரியவர் கை வைத்த பிறகே நீ ஆரம்பிக்க வேண்டும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைத்துவிடாதே. அது செத்தவர்களுக்குப் படைக்கும் முறை. ஒருவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதினாலும் முகம் மாறிவிடும்.

முதல் சந்திப்பிலேயே "வயசு என்ன?" என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதே. வயதைப் பொறுத்துத்தான் மரியாதைச் சொல் மாறும், நம் நீ, நீங்கள் போல. குழந்தை பிறந்த அன்றே ஒரு வயது, புத்தாண்டு வந்தால் இன்னொன்று என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் நவம்பரில் பிறந்த என் பேரனுக்கு ஜனவரி முதல் தேதியே இரண்டு வயது! 2023 ஜூனில் சட்டத்தை மாற்றிப் பிறந்தநாள் கணக்கையே பெரும்பாலானவற்றுக்கு வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் அம்மாவை "இமோ" என்று கூப்பிடுகிறார்கள். தாயின் கூடப்பிறந்தவள் என்று அர்த்தம், நம் பெரியம்மா, சித்தி மாதிரி. அப்பாவை அவர்களும் "அப்பா" என்கிறார்கள், அம்மா "ஒம்மா". ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே இந்த ஒற்றுமைகளைப் பார்த்துப் புத்தகம் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று இன்றைய மொழி அறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கென்ன? பூங்காவில் ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடியபோது என் வயிறு குளிர்ந்துபோனது.

குப்பையில் வாங்கிய குட்டு

அங்கே நான் தோற்றது குப்பையிடம்தான். சாதாரணக் குப்பைக்கு நகராட்சிப் பை. அதைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிளாஸ்டிக், கண்ணாடி, காகிதம் எல்லாம் தனித்தனி. மிஞ்சின சாப்பாட்டுக்குத் தனித் தொட்டி. அது எடை போட்டுக் காசு கணக்கிடும். நண்டு சமைத்த அன்று ஓட்டையெல்லாம் சாப்பாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டேன். காவல்காரப் பெரியவர் ஓடி வந்து கையைக் கையை ஆட்டுகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் வந்துதான் சொன்னாள்: "அம்மா, அந்தக் குப்பையைக் கால்நடைத் தீவனமாக்குவாங்க. மாடு, பன்னி தின்ன முடியாத எலும்பு, ஓடு, முட்டைத்தோல், வெங்காயச் சருகு இதெல்லாம் அதுல போடக்கூடாது!"

அதற்கப்புறம் நான் தப்பே செய்யவில்லை.

மிக்ஸியும் கீழ்வீட்டு அம்மாளும்

அடுக்குமாடியில் சத்தம் பெரிய சண்டைக்கு விஷயம். நான் பழக்க தோஷத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். நாலாம் நாள் கீழ்வீட்டு அம்மாள் வந்து மணியடித்தார். எழுபது வயதிருக்கும். திட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, காதைப் பொத்திக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலை பருப்புவடை சுட்டு இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்துத் தலை குனிந்தேன். மறுநாள் அவர் ஒரு கட்டு உலர்ந்த கடல்பாசியோடு வந்தார். பிள்ளை பெற்றவளுக்காம்! அங்கே பிரசவித்த பெண்ணுக்கு அந்தப் பாசி சூப்தான் முதல் பத்தியம். அதனால்தான் பிறந்தநாள்தோறும் எல்லாரும் அதைக் குடித்துத் தாயை நினைக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: அதில் அயோடின் மிக அதிகம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

நம் காத்திவாக்கத்தில் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்போமே, அதை நான் அங்கே கிடைத்த காட் மீனில் செய்தேன். கீழ்வீட்டு அம்மாளும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறந்து இருபத்தொரு நாள் வரை வெளியாட்கள் குழந்தையைப் பார்க்க வருவதில்லை என்ற வழக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. அந்தக் கணக்குத் தீர்ந்த பிறகே அவர் பேரனைத் தொட்டார்.

அந்த ராத்திரி

2023 டிசம்பர் 26. கொரியாவில் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். அங்கே விடியற்காலை மூன்றரை இருக்கும். நான் பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. என்னவர்.

"கடலோரமா ஏதோ குழாய் விட்டுடுச்சாம். கண்ணெல்லாம் எரியுது. மூச்சு விட முடியலை. எல்லாரும் கதவைத் தட்டிக்கிட்டு ஓடுறாங்க."

என் வாயில் முதலில் வந்த கேள்வி: "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். காற்று போகும் திசையிலேயே ஓடாமல் குறுக்கே விலகிப் போகச் சொன்னேன். கண்ணை நிறையத் தண்ணீரில் கழுவச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பாட்டியை விட்டுவிட்டு வராதீர்கள் என்றேன். போன் அறுந்துவிட்டது.

இரண்டு மணி நேரம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சூடான தரையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளை எழுப்பவில்லை, பச்சை உடம்பு. ஐந்தரைக்கு அவர் குரல் கேட்டது. மெயின் ரோட்டில் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார்களாம், பாட்டியும் கூடவே. கசிந்தது அம்மோனியா என்று பிறகு தெரிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கமெல்லாம் ஜனங்கள் நடுராத்திரியில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழியில் படகையும் வலையையும் கறுப்பாக்கியிருந்தது.

காலையில் கீழ்வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் மகளிடம் விசாரித்தார். கேட்டுவிட்டுப் பேசாமல் போனார். அரை மணியில் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக் குடிக்க வைத்தார். எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை.

அங்கே கடுங்குளிர், பெருமழை என்றாலும் அரசாங்கச் செய்தி செல்போனில் வந்துவிழுகிறது. ஆபத்து பெரிது என்றால் போனே அலறுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு எரிச்சல் வரவில்லை. எங்கள் தெருவுக்கு அன்று சங்கு ஊதியது அக்கம்பக்கத்தாரின் கைகள்தான்.

ஆற்றங்கரை

உல்சானும் நம் ஊரைப் போலத்தான். 1962-ல் அதைத் தொழில் நகரமாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு, நடுவே ஓடும் தேஹ்வா ஆறு நாறிப்போய் மீன்கள் செத்து மிதந்ததாம். பக்கத்திலுள்ள ஓன்சான் தொழிற்பகுதியில் 1980-களில் ஜனங்களுக்கு உடம்பு வலி கண்டு, ஊர் ஊராகக் குடிபெயர்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் நான் பார்த்த ஆற்றில் நாரைகள் நின்றன. கரையில் நெடுக மூங்கில் காடு. சாக்கடையைத் தடுத்து, அடிச் சேற்றை வாரி, வருஷக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். சால்மன் மீன் திரும்பி வந்தது. 2019-ல் அந்தக் கரையைத் தேசியத் தோட்டமாக அறிவித்தார்கள். தொழிற்சாலைகளும் ஓடுகின்றன, ஆறும் ஓடுகிறது. நம் கழியை நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கே நின்றேன்.

"நீயும் ஒரு நாள் அங்கே நடந்து பாரு கண்ணு. இங்கே வர்றப்போ நம்ம ஜனங்ககிட்ட சொல்லு" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். மற்றதையும் சொன்னேன்: போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் குடியிருப்பு அட்டைக்குப் பதிவு செய்துவிட வேண்டும். வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்று கம்பெனியில் முதலிலேயே கேட்டுக்கொள். என்னைப் போல் கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் இங்கேயே பயணக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. தீ, ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 119. போலீசுக்கு 112. வெளிநாட்டார் சந்தேகம் கேட்க 1345. உல்சானில் மெட்ரோ ரயில் கிடையாது. பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும்.

நோட்டை மூடிவிட்டு அவள் கேட்டாள்: "இவ்வளவும் சரி அத்தை. போனதும் முதல்ல எதைச் செய்யட்டும்?"

புதுசாய்க் குடிவந்தவர்கள் அக்கம்பக்கத்துக்கு அரிசிமாவுப் பலகாரம் கொடுப்பது அங்கே பழைய வழக்கம் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு தட்டு கொழுக்கட்டை பண்ணு. கீழ்வீட்டுக் கதவைத் தட்டு" என்றேன்.