துப்பாக்கியும் பாசிமணியும்

துப்பாக்கி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! மருந்து, ரவை, தோட்டா என்பதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அடுப்பங்கரையில் நாம் தினமும் செய்கிற காரியத்துக்கும் அதற்கும் அப்படியொன்றும் வெகு தூரம் இல்லை. உப்பு ஒரு சிட்டிகை கூடினால் குழம்பு கெடுகிறது. மருந்து ஒரு சிட்டிகை கூடினால் துப்பாக்கிக் குழல் கெடுகிறது. வித்தியாசம் என்னவென்றால், குழம்பு கெட்டால் வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். குழல் கெட்டால் சுளிப்பதற்கு முகமே இராது!

கடையில் தோட்டா வாங்காமல், ஒவ்வொரு வெடியையும் தன் கையாலேயே அளந்து, அடைத்து, இடித்துத் தயார் செய்வது ஒரு வித்தை. நம் நாட்டில் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தவர்கள் யார் தெரியுமா? திருவிழாக் கூட்டத்தில் ஊசி, பாசி என்று கூவிக்கொண்டு வருகிறார்களே, அந்த நரிக்குறவர்கள்தான்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? ராஜேந்திர சோழன் எழுப்பிய அந்தப் பெரிய கோயிலில், பெரிய லிங்கத்துக்கு அன்று அன்னாபிஷேகம். மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, லிங்கம் முழுவதையும் சோற்றால் மூடி, பிறகு அதையே பிரசாதமாக வழங்குவார்கள். ஒரு வருஷம் நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். வெளியே புல்தரையை ஒட்டிய நடைபாதையில் ஒரு வயதான நரிக்குறவத் தம்பதி கடை விரித்திருந்தார்கள். கடை என்றால் ஒரு கித்தான் துணி. அதன் மேல் இரண்டு கவட்டைக் கழிகளை நட்டு, குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. அந்தக் கம்பியில்தான் பாசிமாலைகள் வரிசையாகத் தொங்கின. சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணைப் பறித்தன.

என் பேத்தி மாலையைப் பார்த்தாள். நான் கம்பியைப் பார்த்தேன். விரல் பருமன்கூட இல்லை. ஒரு பாகத்துக்கு மேல் நீளம். முனை மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளவென்றிருந்தது. "இது என்ன கம்பி, பெரியவரே?" என்று கேட்டேன்.

கிழவர் சிரித்தார். "துப்பாக்கி கெட்டிக்கிற கம்பி, சாமி. துப்பாக்கி போயிருச்சு. கம்பி மட்டும் கெடக்கு. இப்ப அவ மாலைக்கு ஆச்சு" என்று மனைவியைக் காட்டினார்.

மாலைக்கு விலை பேச நின்றவள், துப்பாக்கிக் கதை கேட்க உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

அது வாய்வழியாகக் கெட்டிக்கிற ஒற்றைக் குழல் துப்பாக்கி. முதலில் குழலின் வாய் வழியே கருமருந்து. அதன் மேல் தேங்காய் நாரை உருட்டி ஒரு தக்கை. கம்பியை உள்ளே விட்டு அதை இடிக்க வேண்டும். பிறகு ஈய ரவை. ரவை உருண்டு வெளியே வந்துவிடாமல் அதன் மேல் இன்னொரு தக்கை. மறுபடியும் இடி. கடைசியாக, பின்பக்கத்து முளையில் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக ஒரு செப்புக் கேப்பு. குதிரை அந்தக் கேப்பின் மேல் விழுந்தால் பொறி. பொறி மருந்துக்குப் போனால் வெடி. இவ்வளவும் ஒரே ஒரு வெடிக்கு! இன்னொரு தடவை சுட வேண்டுமா? ஆதியிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அதற்குள் கொக்கு என்ன, "இரு அப்பனே, நீ நிதானமாகக் கெட்டித்துக்கொள்" என்று காத்துக்கொண்டா இருக்கும்?

"அளவு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கைதான் அளவு, சாமி. கூடிப்போச்சுன்னா குழலு வெடிச்சுக் கண்ணு போயிரும். கொறஞ்சுபோச்சுன்னா கொக்கு சிரிச்சிட்டுப் போயிரும்" என்றார். மழைக்காலத்தில் மருந்து ஈரம் காத்துவிடுமாம். குடிசைக்குள் துணி நனைந்தாலும் நனையட்டும், மருந்து நனையக் கூடாதாம். ஒவ்வொரு ரவையும் காசு. அதனால் நூறு தடவை குறி பார்ப்பார்களாம். ஒரு தடவைதான் சுடுவார்களாம். "சுடறது ஒரு நிமிசம். உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறதுதான் வேட்டை" என்று அவர் சொன்னபோது, எனக்கு ஏனோ சல்லடையும் முறமுமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிய என் அம்மாவின் நினைவு வந்தது.

அந்தச் செப்புக் கேப்புக்கு ஒரு வேடிக்கையான பூர்வகதை உண்டு. ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார் இருந்தார். பிரசங்கம் செய்த நேரம் போக, வாத்து வேட்டைக்குப் போவார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் முதலில் வெளியே ஒரு மின்னல் பளிச்சிடும்; பிறகுதான் வெடி கிளம்பும். மின்னலைக் கண்டதும் பறவைகள் கம்பி நீட்டிவிடும்! பார்த்தார் பாதிரியார். தட்டினால் தானே பொறி கக்கும் ஒரு மருந்தை வைத்து, மின்னல் வெளியே தெரியாத ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். செப்புக் கேப்பு அதன் வழி வந்த குழந்தை.

ரவைக்கும் ஒரு கதை இருக்கிறது. நமக்கு இது இன்னும் பிடிக்கும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர், உருக்கிய ஈயத்தை ஓட்டைத் தட்டு வழியே உயரத்திலிருந்து கீழே தண்ணீரில் விழச் செய்தால், வருகிற வழியிலேயே அது உருண்டையாகிவிடும் என்று கண்டு 1782-ல் காப்புரிமை பெற்றார். நாம் தீபாவளிக்குப் பூந்தி தேய்க்கிறோமே, அதே கதைதான்! ஆனால் பூந்திக்கு ஒரு சாண் உயரம் போதும். ஈயத்துக்குப் போதவில்லை. மனிதர் தம் சொந்த வீட்டின் மேல் கோபுரம் போல் மாடி எழுப்பினார். கீழே தரையையும் தோண்டினார். அந்த வீட்டு அம்மாள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாளோ!

பிற்பாடு பித்தளைக் கூட்டுக்குள் மருந்தும் குண்டும் சேர்ந்த தோட்டா வந்துவிட்டது. அமெரிக்காவில் இன்றும் பல வேட்டைப் பிரியர்கள், சுட்டுக் காலியான பித்தளைக் கூட்டை வீசி எறியாமல், வீட்டிலேயே ஒரு மேஜை போட்டு அதில் மறுபடியும் மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்தை நிறுக்கும் அளவுக்குக் கிரெயின் என்று பெயர். ஆதியில் ஒரு தானிய மணியின் எடை. 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் தட்டான் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த மாதிரிதான். அங்கே 1967-ல் தாம்ப்ஸன் சென்ட்டர் கம்பெனியார் கன்டெண்டர் என்று ஒரு வேட்டைக் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். கையடக்கம், ஆனால் ஒரு தடவைக்கு ஒரே வெடி. ஒரே வெடி என்பதால் தன் தோட்டாவைத் தானே பார்த்துப் பார்த்து நிரப்புவதில் அவர்களுக்கு அவ்வளவு சிரத்தை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கிழவர் அங்கே பிறந்திருந்தால், அவருடைய கைத்திறனுக்குப் பெயர் பொழுதுபோக்கு. இங்கே அது வயிற்றுப்பாடு.

நம் நாட்டில் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது பெருங்குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பின் ஆயுள் தண்டனை வரை போகலாம். அது நல்லதுதான் என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு வீடு மருந்து இடித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டு யார் நிம்மதியாகத் தூங்குவது?

நரிக்குறவர் துப்பாக்கியை மௌனமாக்கியது முக்கியமாக வேறொரு சட்டம்: 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரி இருக்கிறது; இப்போது பொன்னேரி என்கிறார்கள். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதைப் புகழ்கின்றன. கரை மட்டும் 16 மைல் நீளம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அதே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளை அங்கே பார்க்கலாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் இவை வருமா? சத்தம் மட்டும் அல்ல. தண்ணீரில் விழுந்த ஈய ரவையைப் பொடிக்கல் என்று எண்ணி வாத்துகள் விழுங்கி, விஷம் ஏறிச் சாகும். அதற்காகவே அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் ஈர நிலங்களில் அதைத் தடை செய்தது.

ஆகவே பறவை பிழைத்தது, சந்தோஷம். நான் கேட்பது ஒன்றுதான். கொக்கையும் காடையையும் கௌதாரியையும் நம்பியிருந்த அந்தக் குடும்பம் எதைக் கொண்டு பிழைக்கும் என்று யாராவது அதே வேகத்தில் யோசித்தார்களா?

இந்த வருஷக் கணக்கைப் பாருங்கள். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-ல் சிபாரிசு செய்தது. 1968-ல் ஒளி விளக்கு படத்தில் எம்.ஜி.ஆர். நரிக்குறவர் வேஷத்தில் வந்து ஆடினார். தியேட்டரில் விசில் பறந்தது. 1972-ல் வேட்டைக்குத் தடை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோ 2022 டிசம்பரில்! சிபாரிசுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 57 வருஷம். வேஷத்துக்குக் கிடைத்த கைதட்டல் மனிதருக்குக் கிடைக்க இவ்வளவு காலம். துப்பாக்கி கெட்டிக்க நேரமாகிறது என்றேனே, சர்க்கார் காகிதம் கெட்டிக்க ஆகிற நேரத்துக்கு அதெல்லாம் ஒரு நேரமா?

இந்த நடுவாந்திரத்தில் அந்த வீடுகளில் உலை கொதிக்க வைத்தது யார் என்கிறீர்கள்? பெண்கள்தான். கிழவர் துப்பாக்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கையும் ஓயவில்லை. மடியில் ஒரு தகர டப்பா. அதில் கடுகு கடுகாகப் பாசிமணி. ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து நரம்பில் கோத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "இவரு கெட்டிச்சது குறி தப்பினா அன்னிக்கிப் பட்டினி. நான் கோத்தது தப்பாது, சாமி. வாங்குறவங்கதான் வரணும்."

அவர் சொன்ன விலைக்குப் பேத்திக்கு ஒரு மாலை வாங்கினேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஜவுளிக் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் புடைவைக்குச் சீட்டில் போட்ட விலையை வாய் பேசாமல் கொடுக்கிறோம். நடைபாதையில் விரித்திருக்கிற பாசிமாலைக்கு மட்டும், பத்து ரூபாய் குறைத்துக்கொடு என்று அரை மணி நேரம் வாதாடுகிறோம். அந்த மாலையில் எத்தனை மணி, ஒரு மணி கோக்க எத்தனை தரம் கண்ணைச் சுருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

காசோடு முடிகிற விஷயமும் அல்ல இது. 2021-ல் மாமல்லபுரத்துக் கோயிலில், அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் தம்மை விரட்டினார்கள் என்று ஒரு நரிக்குறவப் பெண் மனம் குமுறிப் பேசியதை நாடே கேட்டது. சில நாட்களில் அமைச்சரே அந்தக் கோயிலில் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு பந்திக்கும் அமைச்சர் வர முடியுமா? பந்தியில் பக்கத்து இலை நம்முடையதுதானே? பஸ்ஸில் பக்கத்து இடம் நம்முடையதுதானே? பள்ளிக்கூடத்தில் அவர்கள் குழந்தையோடு ஒரே பெஞ்சில் உட்காரப் போவதும் நம் வீட்டுக் குழந்தைதானே? கடவுளுக்குச் சாற்றிய சோற்றைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஜாதி கேட்காமல் கை நீட்டி வாங்கிக்கொள்கிற நமக்கு இது பெரிய காரியமா?

பெரம்பலூர்ப் பக்கத்து எறையூரிலும் மலையப்ப நகரிலும், தமிழ்நாட்டின் இன்னும் பல ஊர்களிலும் இந்த ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பட்டியலில் சேர்ந்த பலனாகக் கல்வியிலும் உத்தியோகத்திலும் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் பள்ளிக்கூட வாசலில் நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டால் எந்தச் சட்டத்தாலும் அந்தக் குழந்தையை உள்ளே கொண்டுபோக முடியாது.

தப்பினால் பட்டினி என்று தெரிந்து, ஒரு ரவையைக்கூட வீணாக்காமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். துப்பாக்கியைக் கீழே வை என்று நாடு சொன்னது, வைத்துவிட்டார்கள். இப்போது கையில் இருப்பது ஊசியும் நூலும், அவர்கள் பிள்ளைகள் கையில் சிலேட்டும் புத்தகமும். அடுத்த தடவை "ஊசி, பாசி" என்ற குரல் உங்கள் தெருவில் கேட்டால், கதவைச் சாத்தாதீர்கள், சகோதரிகளே. ஒரு மாலையை வாங்குங்கள், வாங்காவிட்டாலும் பாதகமில்லை, திண்ணையில் உட்காரச் சொல்லி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "உங்கள் குழந்தை எத்தனாவது படிக்கிறது?" என்று கேளுங்கள்.