அந்த 1200 சதுர அடி



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாங்க யோசிக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

வாப்பா மௌத்தாகி நாலு வருஷம். கடைசித் தங்கச்சிக்கு வீடு பார்க்கும் பொறுப்பு எங்கள் இருவர் தலையில். எங்கள் பக்கத்தில் வீடில்லாமல் பெண்பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு நகராது. அது சரியா பிழையா என்பது வேறு பதிவு. வாப்பாவின் வயலை விற்ற காசும், நாங்கள் எடுக்கவிருந்த வங்கிக் கடனும்தான் கையில்.

காத்தான்குடியில் ஒரு வீடு வந்தது. உரிமையாளர் தெரிந்த மனிசர், தூரத்துச் சொந்தமும் கூட. "1200 சதுர அடி, மூணு அறை. சதுர அடி 6,000 போட்டா கட்டடம் மட்டும் 72 இலட்சம். காணிக்கு வேற" என்றார். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரியில் கணிதம் படித்தவர் எங்களில் ஒருவர். அப்படியிருந்தும் 1200ஐ 6,000ஆல் பெருக்கிப் பார்த்தோமே தவிர, அந்த 1200 எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

கேட்டது தங்கச்சி. அவள் தையல் வேலை செய்பவள். மெஷின் வைக்க இடம் காணுமா என்று பார்க்கத் தையல் டேப்பைக் கொண்டுவந்திருந்தாள். சின்ன அறை 10க்கு 9. மற்ற இரண்டும் 10க்கு 10, 10க்கு 11. "1200 எண்டா மிச்சம் எங்க காக்கா?" என்றாள்.

அடுத்த நாள் பெரிய டேப்போடு போக வெளிக்கிட்டோம். உம்மாவுக்கு விருப்பமில்லை. "பேசி வெச்ச பிறகு டேப் புடிச்சா அந்த மனிசன் என்ன நினைப்பாரு?" எங்களுக்கும் கூச்சம்தான். ஆனாலும் அளந்தோம்.

கூரை மூடியிருக்கும் இடம் 40க்கு 30. அதுதான் 1200. கூரை ஓரம் நாலு பக்கமும் சுவருக்கு வெளியே இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் அளந்தால் 35க்கு 25, அதாவது 875. அதற்குள் சுவர்கள் மட்டும் 122, விறாந்தை 105. ஹோல், மூன்று அறை, குசினி, குளியலறை, நடை எல்லாம் கூட்டினால் 648. 1200 என்று சொன்ன வீட்டில் கட்டில் போட, மெஷின் வைக்க, தொழ, சமைக்க உள்ள இடம் அவ்வளவுதான்.

அவர் பொய் சொன்னார் என்று நாங்கள் சொல்லவில்லை. கூரை போட்ட பாஸ் அன்று சொன்ன கணக்கையே இத்தனை வருஷமும் வீட்டின் அளவு என்று நம்பியிருக்கிறார். கடதாசியில் கீறிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அந்தக் கிழமை செட்டிபாளையத்தில் நாங்கள் படிப்பிக்கும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதையே பாடமாகக் கொடுத்தோம். தனியாக நிற்கும் ஒரு அறையை உள்ளே அளந்த கூட்டம் 20க்கு 20, 400 சதுர அடி என்றது. வெளியே அளந்த கூட்டம் 21.5க்கு 21.5, 462 என்றது. எது சரி என்று கேட்டோம். ஒரு பிள்ளை எழும்பி, "ரெண்டும் சரிதானே சேர். உள்ளுக்கா வெளியாலயா எண்டு நீங்க சொல்லல்லயே" என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். எங்கிருந்து எங்கே அளந்தது என்று சொல்லாத சதுர அடிக்கு அர்த்தமில்லை. கட்டுமானச் செலவைப் பொதுவாக வெளிச்சுவர் கணக்கில் பேசுவார்கள். டைல்ஸ் வாங்க உள் அளவு வேண்டும். கூரைக்கு வேறு அளவு. ஒரு அளவை வைத்து இன்னொன்றின் விலையைப் பெருக்கினால்தான் நட்டம். இந்தியாவில் அடுக்குமாடி வீடுகளுக்குப் படிக்கட்டு, லிப்ட் ஆகியவற்றின் பங்கையும் சேர்த்து அளவு சொல்லி விற்றார்கள். அதனால்தான் 2016இல் வந்த சட்டம் 'கார்பெட் ஏரியா' என்பதற்கு வரையறை வைத்தது. அதன்படி வெளிச்சுவரும் பல்கனியும் சேராது, உள்ளே அறை பிரிக்கும் சுவர் சேரும். கொழும்பில் மாடி வீடு பார்ப்பவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

காணியும் அப்படித்தான். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். இப்போதைய வரைபடங்களில் ஹெக்டயர் இருக்கும். 10 பேர்ச் என்றால் 0.0253 ஹெக்டயர். வாயால் சொல்வதையும், உறுதியில் உள்ளதையும், நில அளவையாளரின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கைக்கு விட்ட துண்டு கழிந்ததா என்றும் கேளுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில் அரைப் பேர்ச்சும் பெரிய காசு.

875 கணக்கில் பார்த்தால் 52½ இலட்சம். அவர் அதுவரை இறங்கி வரவில்லை. இழுபறிப்பட்டு, கடைசியில் முதலில் சொன்னதில் 15 இலட்சம் குறைந்தது. வங்கிக் கடனில் அவ்வளவு குறைந்தது எங்களுக்குப் பெரிய விஷயம். உறவும் முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தையல் மெஷின் இப்போது விறாந்தையில்.

அளவு நிறுவையில் மோசம் செய்பவர்களின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. சரியாக அளப்பது மார்க்கத்தில் அவ்வளவு பெரிய காரியம் என்றால், அளந்து பார்க்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? சொந்தக்காரரின் வீடானாலும் பேச்சுக் கொடுக்க முதல் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்கச்சிக்காக துஆச் செய்யுங்கள்.