தாய்மைக்குத் துணை நிற்கும் அழைத்தல்

தேவ அழைத்தல் என்றதும் குருமடமும் கன்னியர் மடமுமே நம் குடும்பங்களின் நினைவுக்கு வருகின்றன. பிரசவ அறையும் ஓர் அழைத்தலின் இடமாகக் கூடும் என்பதைத் திருத்தணி மலையடிவாரத்தில் வாழும் எங்களுக்கு உணர்த்தியவள் எங்கள் மகள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள், பேறுகாலத் தாய்மாருக்குத் துணை நிற்பதே தன் வாழ்வு என்றாள், ஏ.என்.எம். என்னும் இரண்டாண்டுப் பயிற்சியில் சேர விரும்பினாள். உறவினர் முகம் சுளித்தனர். "மருத்துவச்சி வேலைக்கா பெண்ணை அனுப்புகிறீர்கள்? நாளை யார் பெண் கேட்டு வருவார்?" என்றனர்.

இக்கேள்வியின் வேர் ஆழமானது. பிள்ளைப்பேற்றின் குருதியைத் தீட்டென்று ஒதுக்கிய நம் சமூகம், அப்பணியைப் பல ஊர்களில் நாவிதர் குலப் பெண்களின் தலையில் சுமத்திற்று. நள்ளிரவில் கைகூப்பி அழைத்தவளையே விடிந்தபின் வாசற்படிக்கு வெளியே நிறுத்திற்று.

இத்தகைய தயக்கங்களுக்கு விலையாகத் தாய்மாரின் உயிர் போயிற்று. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணின் உதவியை நாடி வந்தனர். அவருடைய தந்தை மருத்துவர்; ஆயினும் ஆண்மகன் பிரசவம் பார்க்க அவர்கள் இசையவில்லை. மூன்று தாய்மாரும் மாண்டனர். அவ்விரவே ஐடா அம்மையாரின் அழைத்தலாயிற்று. மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பிய அவர், நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் பணியைத் தொடங்கினார்.

நம் திருச்சபையிலும் தயக்கம் இருந்தது. துறவறக் கன்னியர் பிரசவம் பார்ப்பதற்குச் சபை ஒழுங்குகள் நெடுங்காலம் இடந்தரவில்லை. அத்தடையை நீக்குமாறு ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்ளாரன் அம்மையார் உரோமாபுரியில் திரும்பத் திரும்ப மன்றாடினார். பலன் காணாமலே 1913-இல் மறைந்தார். அவரைப் பற்றி 1915-இல் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, 1920-இல் ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து கன்னியர் சபையில் சேர்ந்தார். சிறப்பு அனுமதி பெற்று மருத்துவம் செய்ததோடு, உள்ளூர்ப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சியும் அளித்தார். 1936-இல் உரோமாபுரி அத்தடையை நீக்கிற்று.

இவர்கள் எவரும் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை, முறையாகக் கற்றனர். குருதிப்போக்கு மிகுந்தாலோ, இரத்த அழுத்தம் ஏறினாலோ, காலந் தாழ்த்தாமல் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்தவளே நல்ல தாதி. 'டூலா' எனப்படும் துணைப்பெண்ணோ பிரசவம் பார்ப்பதில்லை; கையைப் பற்றி, முதுகை நீவி, தேறுதல் கூறி உடனிருக்கிறாள். இந்தத் துணையும் சிறிதன்று. தாய் விரும்பும் ஒருவர் பிரசவ வேளையில் உடனிருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன.

செபமாலையில் சந்தோஷத் தேவ இரகசியங்களுள் இரண்டாவதை எத்தனை முறை சொல்லியிருப்போம்! மலைநாட்டுக்கு விரைந்த மரியன்னை, முதிய வயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளுடன் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். அத்தகைய பணியை இழிவென்பது எங்ஙனம்?

விண்ணப்பத்தில் நாங்கள் கையொப்பமிட்டோம். அதன்பின், பேசி வந்த வரன் ஒன்று விலகிப் போயிற்று. வருத்தம் இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆயினும் விடுமுறையில் வந்த மகள், "தமிழ்த் தாயும் தெலுங்குத் தாயும் வலியில் கூவும் சொல் ஒன்றுதான் அம்மா, 'அம்மா' என்றே இருவரும் கூவுகிறார்கள்" என்றபோது, அவள் முகத்தில் கண்ட நிறைவு எங்களைத் தேற்றிற்று.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் ஒரு மகள் இவ்வாறு கேட்பாளாயின், ஊர்ப்பேச்சைக் காட்டி அவளை அச்சுறுத்தாதீர்கள். நாம் ஒவ்வொருவரும் இவ்வுலகிற்கு வந்த வேளையில் நம்மை முதலில் ஏந்தியவை அத்தகைய கைகளே.