கருவை பிடுங்க வாளியா, பல் சட்டமா?

எங்க கிழக்குப் புஞ்சை 3 ஏக்கர். பங்கு பிரிச்ச நாளிலிருந்து தரிசாவே கிடந்து முழுக்க சீமைக்கருவை ஆயிருச்சு. வளைகுடாவில் இருந்து திரும்பி வந்த தம்பி, இந்த வருசம் அதில் முண்டு மிளகாய் போட்டே ஆகணும்னு நிக்கிறான். கமுதிப் பக்கம் கரிசல் மண்ணு. கையில் இருக்கிறது 42 ஹெச்பி டிராக்டரும், எருக்குப்பை அள்ளுறதுக்காக முன்னாடி மாட்டின லோடரும் தான். அந்த லோடர் முனையில் எதை மாட்டினா கருவை போகும்? ஒரு மாசமா வீட்டில் இதே பேச்சு.

கருவையை வெட்டுறது லேசு, கொல்லுறது தான் கஷ்டம். தரையை ஒட்டி, ஒரு அடி ஆழத்துக்குள்ள இருக்கிற தூரில் தான் திரும்பத் துளிர்க்கிற கண்ணெல்லாம் இருக்கு. அதுக்குக் கீழே வேர் எவ்வளவு ஆழம் போனாலும் பயமில்லை. ஆனா தூரை விட்டுட்டு மேலே அறுத்தா, ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டு தண்டு எழும்பும். 2017-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு ஊர் ஊரா கருவை எடுத்தாங்களே, அப்ப எங்க கண்மாயிலும் எடுத்தாங்க. மேலோட அறுத்துட்டுப் போன பக்கமெல்லாம் இன்னைக்கு முன்னைவிட அடர்த்தி.

அதனால லோடருக்கு எதைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இது தூருக்குக் கீழே போகுமா?

வாளி போகாது. வாளி விளிம்பு அகலமானது. தள்ளுனா கைத்தண்டி கருவை வளைஞ்சு கொடுத்து, தரை மட்டத்தில் ஒடியும். அதோட விறகைச் சேர்த்து அள்ளுறப்ப மேல்மண்ணையும் வாரிக்கிட்டு வந்து குவிக்கும். நல்ல கரிசலை வரப்போரம் கொட்டிட்டு எதில் வெள்ளாமை பண்ணுறது? மண்ணு ஒட்டின விறகை மூட்டம் போடுறவங்களும் வாங்க யோசிப்பாங்க. எருக்குப்பை அள்ளுறதுக்கு வாளியை விஞ்ச ஒண்ணும் இல்லை, அது வேற விசயம்.

தம்பி ஆசைப்பட்டது பிடிவாய். கீழே பல்லு, மேலே ஹைட்ராலிக்கில் கவ்வுற தாடை. வீடியோவில் பார்த்தா யானை தும்பிக்கையில் எடுக்கிற மாதிரி இருக்கும். "ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் உழைக்கும்ணே" என்றான். எனக்கு ரெண்டு தடங்கல் தெரிஞ்சது. தாடை திறந்து மூட தனியா ஒரு ஹைட்ராலிக் லைன் வேணும், எங்க வண்டியில் அது கிடையாது. அடுத்தது எடை. எங்க லோடர் தூக்குறது 600 கிலோ. பிடிவாயே 200 கிலோ இருந்தா மரத்துக்கு மிச்சம் 400 தான். விலை லட்சத்தைத் தாண்டுச்சு. அது அவன் ஆறு வருசம் வெயிலில் நின்ன காசு. மிளகாய்க்கும் அதுதான் முதலு.

கடைசியில் பட்டறையில் சொல்லி அடிச்சது பல் சட்டம். கெட்டி இரும்பில் முன்பக்கம் லேசா மேல்நோக்கி வளைஞ்ச நாலு பல்லு, பல்லுக்குப் பல்லு ஒரு ஜாண் இடைவெளி. நடுவில் இருக்கிற ரெண்டு பல்லும் கொஞ்சம் நீளம். தூருக்கு ஒரு முழம் முன்னாலேயே பல்லைக் கீழே சாய்ச்சு இறக்கி, மெதுவா முன்னே போய், முனையை மேலே சுருட்டணும். தூக்குறதைவிட சுருட்டுறதில் தான் லோடருக்கு பலம் அதிகம். தூர் நெம்பிக்கிட்டு வரும், மண்ணு இடைவெளியில் உதிர்ந்திரும்.

தொடைத்தண்டிக்கு மேலே இருக்கிற மரத்தை இதில் தொடவே கூடாது. அதுக்கு ஜேசிபியை மணிக்கணக்கில் கூப்பிட்டுக்கிறது தான் புத்தி. பெரிய மரத்தில் லோடரை உசர வச்சுத் தள்ளுறவங்களைப் பார்த்திருக்கேன். ஒடிஞ்ச கொப்பு ஓட்டுறவர் தலையில் தான் விழும், எங்க வண்டிக்கு மேலே கூரையும் கிடையாது. சங்கிலி போட்டு இழுக்கிறதா இருந்தா பின்னாடி கீழே இருக்கிற இழுவைக் கொக்கியில் தான் மாட்டணும். பக்கத்து ஊரில் ஒருத்தர் மேல்கம்பியில் மாட்டி இழுக்கப்போய், முன்சக்கரம் எழும்பி வண்டி அப்படியே மல்லாந்திருச்சு. ஆளை உயிரோட எடுக்க முடியலை. இதை எழுதுறதே அதுக்காகத்தான்.

முன்னாடி பாரம் தூக்குறப்ப பின்னாடி எடை இல்லைன்னா பின்சக்கரம் பிடிப்பில்லாம சுத்தும். நாங்க கொத்துக் கலப்பையை மாட்டி அதுமேல மணல் மூட்டை கட்டினோம். ஹைட்ராலிக் ஹோஸ் மேலே பழைய டயர் டியூபை சுத்தி விட்டோம், முள்ளு மாட்டி இழுக்காது. முன்டயர் பஞ்சருக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை.

காலமும் பார்க்கணும். கரிசல் ஈரமா இருந்தா வண்டி புதையும், காய்ஞ்சா தூர் சிமெண்டில் நட்ட மாதிரி நிக்கும். மழை ஓய்ஞ்சு மேல்மண்ணு உலர்ந்து அடியில் ஈரம் இருக்கிற தை மாசம் தான் தோது. எங்களுக்கு அந்த ரெண்டு மூணு வாரம் தான் கிடைச்சது.

தெக்கு ஓரத்தில் மஞ்சள் உருண்டைப் பூவோட ரெண்டு மரம் நிக்குது. அது நாட்டுக்கருவேலம். சீமைக்கருவைக்குப் பூ நீளமா, வால் மாதிரி தொங்கும். வேலை மும்முரத்தில் தம்பி அதையும் நெம்பப் போனான், தடுத்து விட்டாச்சு. விறகுக்கு வந்த எங்க அத்தை, "எல்லாத்தையும் பிடுங்கிட்டா நாங்க அடுப்பு எரிக்க எங்கடா போறது?" என்றாங்க. வடக்கு வரப்போரம் குவிச்ச கொப்பு முழுக்க அத்தைக்கும் அவங்க கூட வர்றவங்களுக்கும்னு சொல்லியாச்சு. தூர்க்கட்டை மூட்டத்துக்குப் போகுது, அதில் ஜேசிபி வாடகை கழிஞ்சிரும்.

இனிமே ஆடு போட்ட புழுக்கையில் இருந்து முளைக்கிற கன்னுதான் பாக்கி. அதுக்கு எந்த லோடரும் வேணாம். மழை பேய்ஞ்சதும் களைக்கொத்தோட நானும் தம்பியும் வரிசை பிடிச்சு இறங்கணும்.