ஆகாயத்தில் ஒரு பந்தி

பெண்ணுக்கோ மருமகளுக்கோ பிரசவ காலம். அமெரிக்கா போக விசா வந்துவிட்டது. பருப்புப் பொடி, பத்தியப் பொடி, பிரசவ லேகியம் எல்லாம் தயார். பெட்டியை நிறுத்துப் பார்த்து, இரண்டு கிலோ அதிகம் என்று கண்டு, பாதிச் சாமானை வெளியே எடுத்து, மனசு கேட்காமல் மறுபடியும் உள்ளே திணித்து, ஒரு வழியாகப் பூட்டியும் ஆயிற்று. வீட்டில் இருக்கும் மனிதர் மூன்று மாதம் என்ன சாப்பிடுவார் என்று ஏற்பாடு செய்தாயிற்று. அங்கே போனதும் பெண்ணுக்கு என்ன சமைத்துப் போடுவது என்றும் யோசித்தாயிற்று.

இத்தனையும் செய்த நீங்கள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். “வழியில் இருபது மணி நேரம் நான் என்ன சாப்பிடுவேன்?” என்ற கேள்விதான் அது.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், என் பக்கத்து ஸீட்டில் பிரயாணம் செய்த மாமியின் கதையைக் கேளுங்கள்.

மூடியைத் திறந்ததும்

மீனம்பாக்கத்திலிருந்து இரவு ஒன்பதரை மணிக்குப் புறப்பட்ட விமானம். வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, வேறு விமானம் மாறி, சிகாகோ போக வேண்டும். ஜன்னலோரம் மாமி. சுங்கடிப் புடவை, கையில் துணிப் பை, மடியில் பாஸ்போர்ட். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது பெண்ணுக்குப் பிரசவம். தனியாகப் போவது இதுதான் முதல் தடவை.

விமானம் மேலே ஏறி நிதானப்பட்டதும் சாப்பாட்டு வாசனை வந்தது. மாமி பையிலிருந்து சர்க்கரை வியாதி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தள்ளுவண்டி இன்னும் கிளம்பக்கூட இல்லை. அதற்குள் விமானப் பணிப்பெண் ஒரே ஒரு தட்டை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு நேரே எங்கள் வரிசைக்கு வந்தாள். மாமியின் பெயரைச் சொல்லி, “ஹிந்து உணவு!” என்று புன்னகையுடன் வைத்துவிட்டுப் போனாள்.

“பிள்ளை சொல்லி வைத்திருக்கிறான்” என்றார் மாமி, பெருமையாக. அலுமினியத் தாள் மூடியை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். உள்ளே சோறு, ஏதோ ஒரு காய், நடுநாயகமாகக் கோழிக் குழம்பு!

மாமி மூடியைத் திரும்ப மூடினார். முகம் சுளிக்கவில்லை, சத்தம் போடவில்லை. “எனக்குப் பசிக்கலைடியம்மா. நீ சாப்பிடு” என்றார்.

“பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா, மாமி?”

“ஐயையோ, வேண்டாம்! அத்தனை பேருக்கும் அவள் பரிமாற வேண்டாமா? நமக்கென்று தனியாக ஏதாவது கேட்டால் என்ன நினைத்துக்கொள்வாள்?”

நாற்பது பையன்களை ஒரு பார்வையில் அடக்கியவர், ஒரு தட்டுச் சாப்பாட்டைக் கேட்கக் கூச்சப்பட்டார்.

பெயரில் இருக்கிறது விஷயம்

பிள்ளையின் மேல் தப்பில்லை. டிக்கெட் வாங்கும்போது உணவுப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். ‘ஹிந்து உணவு’ என்று இருந்தது. நாம் ஹிந்துக்கள், ஆகையால் சைவம் என்று எண்ணிவிட்டார். விமானக் கம்பெனிகளின் அகராதியில் அதற்கு அர்த்தமே வேறு. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லை, அவ்வளவுதான். கோழி, ஆடு, மீன், முட்டை எது வேண்டுமானாலும் இருக்கலாம். 2018-ஆம் வருஷம் ஜூலை மாதம் எமிரேட்ஸ் கம்பெனி இந்த ஹிந்து உணவை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பிரயாணிகள் ஆட்சேபித்ததும் உடனே முடிவை மாற்றிக்கொண்டது. அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் நிறையப் பேர் உண்டு என்று தெரிகிறதல்லவா?

உலகத்து விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நாலெழுத்துக் குறிகளையே உபயோகிக்கின்றன. நம்மவர்களுக்கு முக்கியமானது ‘ஏ.வி.எம்.எல்.’ வடபழனி ஸ்டூடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! ‘ஆசிய சைவ உணவு’ அல்லது ‘இந்திய சைவ உணவு’ என்று பொருள். காரசாரமாக இருக்கும், பால், தயிர் உண்டு. ‘வி.ஜி.எம்.எல்.’ என்பது பால், தயிர், நெய் கூட ஆகாத கடுஞ்சைவம். அதைக் கேட்டுவிட்டுத் தயிரைத் தேடினால் கிடைக்காது. ‘வி.எல்.எம்.எல்.’ மேல்நாட்டுச் சைவம். பாலாடைக் கட்டியும் முட்டையும் அதில் சைவக் கணக்கு. ‘வி.ஜே.எம்.எல்.’ ஜைனர்களுக்கானது, வெங்காயம், பூண்டு கிடையாது, உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளும் கிடையாது. வெங்காயம் சேர்க்காத வீட்டுப் பெரியவர்களுக்கு இது சௌகரியம். விரதக்காரர்களுக்கு ‘எப்.பி.எம்.எல்.’ என்ற பழத் தட்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘டி.பி.எம்.எல்.’ என்றால் சர்க்கரை வியாதிக்காரர் உணவு. ஆனால் அது சைவம் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. குழந்தைகளுக்கான ‘சி.எச்.எம்.எல்.’ தட்டும் அப்படித்தான். பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு குறிதான் பதிவு செய்ய முடியும். சைவமும் வேண்டும், சர்க்கரையும் ஆகாது என்றால், சைவத்தைப் பதிவு செய்துகொண்டு தட்டில் வரும் இனிப்பை ஒதுக்கிவிடுவதுதான் விவேகம்.

நெற்றியில் வேர்வை

சாப்பாடு முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மாமியின் கை என் கையில் பட்டது, சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. விரல்கள் நடுங்கின. என்ன கேட்டாலும் பதில் குழறியது.

மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. சில மாத்திரைகள் அப்படிப்பட்ட வேளையில் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடும். தலைக்கு மேல் இருந்த அழைப்பு மணியை அழுத்தினேன். ஓடி வந்தார்கள். ஆரஞ்சுச் சாறு, அதில் சர்க்கரை, பிறகு ரொட்டி. கால் மணி நேரத்தில் மாமிக்குத் தெளிவு வந்தது. எனக்குத்தான் மனசு ஆற இன்னும் வெகு நேரம் ஆயிற்று.

தலைமைப் பணிப்பெண் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் எங்களிடம் சொல்லவில்லை? சைவத் தட்டு இரண்டு மிச்சம் இருந்ததே!” என்றாள். கோபமில்லை, வருத்தந்தான். மாமி தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த நான் மட்டும் மணியை அழுத்தாமல் சும்மாதானே இருந்தேன்?

சமையல் கீழே, பந்தி மேலே

“கேட்டால் விமானத்திலேயே இரண்டு தோசை வார்த்துத் தர முடியாதா?” என்று நினைக்கிறீர்களா? முடியாது. அங்கே அடுப்பில்லை. இருப்பது சுட வைக்கும் பெட்டி ஒன்றுதான்.

1919-ஆம் வருஷம் அக்டோபர் 11-ஆம் தேதி, லண்டனிலிருந்து பாரிஸுக்குப் போன ஹாண்ட்லி பேஜ் விமானத்தில் முதன் முதலாகச் சாப்பாட்டுப் பெட்டி விற்றார்கள். விலை 3 ஷில்லிங். ஸாண்ட்விச்சும் பழமும் இருந்தன. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. புறப்படும் ஊரில், தரையில் உள்ள பெரிய சமையற்கூடத்தில் சமைக்கிறார்கள். சமைத்த உடனேயே வேகமாகக் குளிரவைத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, லாரியில் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றுகிறார்கள். தனி உணவுத் தட்டின் மேல் குறி, பெயர், ஸீட் நம்பர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்.

இதனால்தான் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்று விதி. இதே காரணத்தால்தான் சென்னையில் ஏறும் சைவத் தட்டு ஒரு ருசியும், சிகாகோவில் ஏறும் சைவத் தட்டு வேறு ருசியுமாக இருக்கின்றன. அந்தந்த ஊர்க் கைமணம்!

மேலே போனதும் நம்முடைய நாக்கும் கொஞ்சம் மாறிவிடுகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போன்றது. அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்து சாப்பிடுவது போல. ஆனால் கொடைக்கானலின் ஈரம் இல்லை. காற்றில் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு வறண்டு வாசனை குறைகிறது. ஜெர்மனியில் லுஃப்தான்ஸா கம்பெனிக்காக, பூமியில் நிறுத்திய விமானக் கூட்டுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். உப்பும் இனிப்பும் மங்குகின்றன. புளிப்பும் காரமும் அவ்வளவாக மங்குவதில்லை என்று கண்டார்கள். கையோடு கொண்டுபோகும் புளியோதரை ஆகாயத்தில் அத்தனை ருசிப்பதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

முதலில் வந்த தட்டு

விமானம் மாறும் ஊரில் மாமியை அழைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். “24 மணி நேரம் இல்லையே. உறுதி சொல்ல முடியாது. குறித்து வைக்கிறேன்” என்றாள் அங்கிருந்த பெண். “அடுத்த விமானத்தில் ஏறியதும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மாமி” என்றேன். மாமி பதில் சொல்லவில்லை. காத்திருந்த நேரமெல்லாம் உதடுகள் மட்டும் அசைந்தன. ஸ்தோத்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்தோத்திரம் இல்லை, ஒத்திகை! அடுத்த விமானத்தின் வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம், வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் குழந்தை மாதிரி, “ஐ ஆம் எ வெஜிடேரியன். ஐ ஆம் டயபடிக். ப்ளீஸ் ஹெல்ப் மி” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் ஸீட் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டு வந்தது. பருப்பு, சோறு, பட்டாணிக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர். தனித் தட்டுக்காரர்களுக்கு முதலில் கொடுப்பது வழக்கம். சுற்றிலும் வேறு யாருக்கும் இன்னும் வரவில்லை. மாமி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஆறிப்போகும். சாப்பிடுங்கள், மாமி.”

“எல்லாருக்கும் வரட்டுமே” என்றார். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கல்யாணம் ஆகி நாற்பத்திரண்டு வருஷம் ஆச்சு. யாருக்கும் முன்னாடி நான் சாப்பிட்டதில்லை” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாத்திரை உறையை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமி சிரித்துவிட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தயிர் உட்பட ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தனித் தட்டு எதுவும் சொல்லி வைக்காத எனக்குக் கடைசியில்தான் வந்தது. “கோழி தீர்ந்துவிட்டது; பாஸ்தாதான்” என்றார்கள். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

டிக்கெட் வாங்கும்போதே உணவுக் குறியை நீங்களே கண்ணால் பாருங்கள். பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். விமானம் மாறிப் போவதானால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். டிக்கெட் விற்றது ஒரு கம்பெனி, விமானம் ஓட்டுவது வேறு கம்பெனி என்றால், ஓட்டுகிற கம்பெனியிடம் கேட்க வேண்டும். பிரயாணத் தேதி மாறினால் மறுபடியும் சொல்லுங்கள். உள்ளே போய் யாருக்காவது ஸீட்டை மாற்றிக் கொடுத்தால் உடனே பணிப்பெண்ணிடம் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தட்டு அவரிடம் போய்விடும்.

மாத்திரையோ இன்ஸுலினோ எடுக்கிறவர்கள், ஊர் நேரம் மாறுவதைப் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தட்டு எதிரே வந்து, சாப்பிடக்கூடியதுதான் என்று தெரிவதற்கு முன் மருந்தை எடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கைப்பையில் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியோ சப்பாத்தியோ இருக்கட்டும். ஊறுகாய், தயிர் வேண்டாம். திரவம் என்று பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள்.

விமானத்தில் கொடுத்ததை விமானத்திலேயே முடித்துவிடுங்கள். வீணாக்கக் கூடாது என்று நாம் பையில் போட்டுக்கொள்வோம் அல்லவா? 2018-இல், விமானத்தில் கொடுத்த ஆப்பிளைச் சாப்பிடாமல் பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இறங்கிய ஒரு பெண்மணிக்கு, அதைச் சுங்கத்தில் தெரிவிக்காததற்காக 500 டாலர் அபராதம் போட்டார்கள். சிகாகோ நெருங்கும்போது மாமியின் துணிப் பையைக் காட்டச் சொன்னேன். உள்ளே காகிதத்தில் சுற்றிய ஆப்பிள் ஒன்று, ரொட்டி இரண்டு, வெண்ணெய் நாலு! இருவரும் பாதிப் பாதி ஆப்பிளைத் தின்றுதான் இறங்கினோம்.

ஐந்து மாதம் கழித்து மாமி டெலிபோன் செய்தார். பேரன் பிறந்திருக்கிறானாம், மாமியும் சௌக்கியமாகத் திரும்பிவிட்டாராம். “இந்தத் தடவை ஏ.வி.எம்.எல். நானே பதிவு பண்ணினேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மணியை அழுத்தி இன்னொரு தயிரும் கேட்டேன், தெரியுமோ?” என்றார்.

“கொடுத்தார்களா, மாமி?”

“ரெண்டு கொடுத்தாள்!”