ஏழு ஏழு ஏழு

2011-ல் பொழிச்சலூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். மாடியில் இரண்டு அறை, விண்டோஸ் எக்ஸ்பி போட்ட நாலு மெஷின். ஒரு பழைய டப்பாவில் உபுண்டு ஏற்றி, சம்பா வழியாகப் பொது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து கொடுத்திருந்தேன். (நெல் இல்லை. 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதிய மென்பொருள். எஸ், எம், பி மூன்றும் வருகிற சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயர்.)

முதலில் ஆளுக்கொரு லாகின்தான் கொடுத்தேன். ஒருத்தர் போட்ட எக்ஸெல்லை அடுத்தவர் திறக்கலாம், சேவ் பண்ண முடியாது. "தம்பி, ஜூலை 31-க்குள்ள ரிட்டர்ன் எல்லாம் போகணும். பாஸ்வேர்டு கீஸ்வேர்டெல்லாம் வேணாம்" என்றார் ஆடிட்டர். மேலே விமானம் போனது. அது போகும்வரை இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு எல்லோரையும் 'கெஸ்ட்' ஆக்கி, மொத்த ஃபோல்டருக்கும் சிமோட் 777 அடித்தேன்.

படிக்க 4, எழுத 2, நுழைய 1. கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என மூவருக்கும் அதே ஏழு. ஐந்து நிமிட வேலை, முந்நூறு ரூபாய்.

இரண்டு வாரத்தில் ஒரு பெரிய கிளையண்டின் ஃபோல்டரைக் காணோம். நெட்வொர்க்கில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பத்து நாள் பழைய பேக்கப்தான் இருந்தது. கடைசியாக அதில் வேலை பார்த்தது டேட்டா என்ட்ரி பெண். "நான் டெலீட் பண்ணலண்ணா, சத்தியமா" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். யார் செய்தது என்று ஆடிட்டர் கேட்டார். எல்லா ஃபைலுக்கும் உரிமையாளர் 'நோபடி' என்றே காட்டியது; கெஸ்ட்டுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் அது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவள் வேலையில் இல்லை.

ஜனவரியில் ஹார்டு டிஸ்க் மாற்றும்போது வேறெதையோ தேட 'ஃபைண்ட்' கட்டளை ஓட்டினேன். அந்த ஃபோல்டர் இன்னொரு கிளையண்டின் ஃபோல்டருக்குள் முழுசாக உட்கார்ந்திருந்தது. யாரோ மவுஸை இழுத்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜூலையிலேயே இதே கட்டளையை ஓட்டியிருந்தால் ஐந்து விநாடி ஆகியிருக்கும். அவள்தான் அழித்தாள் என்று நானும் நம்பியதால் தேடத் தோன்றவில்லை.

அன்றுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். ஒரு ஃபைலை அழிக்க, நகர்த்த அந்த ஃபைலின் அனுமதி போதாது, தேவையும் இல்லை. அது இருக்கிற ஃபோல்டரில் எழுதும் உரிமைதான் கணக்கு. ஃபைலைப் பூட்டிவிட்டு ஃபோல்டரைத் திறந்துபோட்டால், பெட்டியைப் பூட்டி வாசலில் வைத்த மாதிரி. மேல் ஃபோல்டரை ரூட்டின் பெயருக்கு மாற்றி 755 வைத்தேன். இனி கிளையண்ட் ஃபோல்டரை யாரும் இழுக்க முடியாது. உள்ளே ஒவ்வொன்றுக்கும் 2770. முன்னாலுள்ள அந்த 2 இருந்தால் புதிதாக உருவாகிற ஃபைலும் 'கணக்கு' குழுவுக்கே போகும். சம்பாவிலும் புது ஃபைலுக்கு 660 என்று எழுதி, ஆளுக்கொரு லாகினைத் திரும்பக் கொடுத்தேன். அரை நாள் பிடித்தது. ஆடிட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி விடு தம்பி, ஃபைல் கிடைச்சுதே" என்றார்.

அவள் பம்மலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். போய்ச் சொன்னேன். கையிலிருந்த ரேஷன் கார்டு நகலைக் கத்தரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"எப்போண்ணா கிடைச்சுது?"

"ஜனவரியில."

அப்போது மார்ச் நடந்துகொண்டிருந்தது. அடுத்து நின்றவரிடம், "எத்தனை காப்பி சார்?" என்றாள்.