பருப்பு மூட்டை மேல் ஒரு வாட்ச்மேன்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குக் காய் வாங்கப் போவதென்றால் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். கீரை வாடியிருக்காது, கபாலி கோயில் குளத்துக் காற்றும் இதமாக வீசும். சில மாதங்களுக்கு முன் அப்படிப் போனபோது, பக்கத்துச் சந்தில் ஒரு பழைய மளிகைக் கடையில், துவரம்பருப்பு மூட்டை மேல் சாம்பல் நிறப் பூனை ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது.

"என்னப்பா இது, பருப்பு மேலேயா?" என்றேன்.

"நம்ம வாட்ச்மேன் மாமி! ராத்திரி பூரா ட்யூட்டி. இது வர்றதுக்கு முன்னால மூட்டையெல்லாம் ஓட்டை" என்றார் கடைக்காரர்.

சிரிக்காதீர்கள். லண்டன் தபால் இலாகாவின் மணியார்டர் ஆபீஸில் 1868இல் மூன்று பூனைகளை வேலைக்கு வைத்து, வாரம் ஒரு ஷில்லிங் படியும் ஒதுக்கினார்கள். மீதி வயிற்றை எலி பிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டுமாம்! வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் என்பது அந்தத் துரைகளுக்குத் தெரியவில்லை போலும்.

எங்கள் மந்தைவெளி வீட்டில் அரிசி டின்னுக்கு அடியில் சுண்டெலி. எலிப்பசை வைக்கலாமென்றால் தவழும் பேரன் இருக்கிறான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை ஈரலையே அழித்துவிடும். அதற்கென்று முறிவு மருந்தும் கிடையாது. பூனை வளர்க்கலாமென்றாலோ, இளைய மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

லேடி டாக்டரிடம் கேட்டேன். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம், கர்ப்பிணிக்குத் தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து என்றார். ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றுமாம். அதனால் மண் தட்டை வேறொருவர் தினமும் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். மருமகள் தொடவே கூடாது. தோட்ட மண்ணையும் அவள் கிளற வேண்டாம். கீரை, காய்களை நன்றாகக் கழுவ வேண்டும். "எலியை விட்டு வெச்சா மட்டும் நல்லதா? அதோட மூத்திரத்துல எலிக்காய்ச்சல் வருமே!" என்றும் சொன்னார்.

பெருச்சாளிக்குப் பூனையை நம்பாதீர்கள், அதைக் கண்டால் பூனையே ஒதுங்கிவிடும். சாக்கடைக்குக் கம்பி வலைதான் வழி.

கடைப் பூனை குட்டி போட்டு, பால்குடி மறந்ததும் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுப்போக்கு! பல பூனைகளுக்கு அப்படித்தானாம். இப்போது தண்ணீரும் மீனும்தான். சைவச் சமையலறையில் மீனா என்று இவர் முகம் சுளிக்க, அதன் கிண்ணம் கொல்லைப்புறம் போயிற்று.

மண் தட்டும் அங்கேதான். அது என் பொறுப்பு.